அப்பாவின் மூளை ஸ்கேனுக்கு முன் நாங்கள் திரட்டிய விவரங்கள்

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பதற்கு முன்பு கையில் கொடுக்கப்படும் படிவம், ஒரு மனிதரின் உடலுக்கு இதுவரை நேர்ந்தவை அனைத்தையும் கேட்கிறது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டுள்ளதா, மூளையின் இரத்தக் குழாயில் கிளிப் போடப்பட்டுள்ளதா, காதுக்குள் கருவி வைக்கப்பட்டுள்ளதா, எலும்பு முறிவுக்குக் கம்பியோ தகடோ வைத்திருக்கிறார்களா, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதுண்டா என்று கேள்விகள் நீள்கின்றன. நினைவு குறைந்துவருகிறது என்பதற்காகவே ஸ்கேனுக்கு வரும் ஒருவரிடம் இவற்றைக் கேட்கும்போது, விடை சொல்ல வேண்டியவரின் நினைவே ஐயத்துக்கு உரியதாக இருக்கிறது. ஆகவே அவருடைய வாழ்க்கையை உடனிருந்து பார்த்தவர்கள் அந்த விடைகளை முன்கூட்டியே திரட்டி வைத்திருக்க வேண்டும். என் அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்த அனுபவத்தில் இதுவே முதன்மையானது என்று நான் கருதுவதால் இதை முதலில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. கோவை கணபதியில் லேத் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு, அன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு, அம்மாவோடு திரும்பி வந்தவர். மைக்ரோமீட்டரில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிசகாமல் பார்த்துப் பழகியவர், பால் சொசைட்டிச் சீட்டில் இருக்கும் கணக்கைக் கூட்ட முடியாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா முதலில் கவனித்தார். பெயர்கள் சட்டென்று வாயில் வராததையோ, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதையோ நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, போட்டதே நினைவில்லாமல் இருப்பதும், பால் ஊற்றியாயிற்றா என்று ஒரே காலையில் மறுபடி மறுபடி கேட்பதும், அவிநாசி போகும் பழகிய வழியில் வண்டியை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பதும் வேறு வகையானவை. வயதானால் அப்படித்தான் என்று உறவினர்கள் சொன்னார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, நினைவும் சிந்திக்கும் திறனும் குறைந்துகொண்டே வரும் டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணிக்கை சிறியதல்ல. ஆனால் அதே வயதினரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் இல்லை என்பதையும் அது காட்டுகிறது. கைவந்த வேலையைச் செய்யும் திறன் ஒருவருக்குக் குறைந்துகொண்டே வந்தால், வயதைக் காரணம் சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

முதலில் பார்த்த மருத்துவர் ஸ்கேனுக்கு உடனே எழுதித் தரவில்லை. இரத்தப் பரிசோதனைக்குத்தான் எழுதினார். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தத்தில் சோடியம் குறைவு ஆகிய மூன்றும் முதியவர்களிடம் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கக் கூடியவை. மூன்றையும் எளிய பரிசோதனையில் அறியலாம், சரி செய்யவும் முடியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில நீர் மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கக் கூடும். அப்பா இரண்டு வகை மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார், அவருக்கு பி12 குறைவாகவே இருந்தது. வீட்டில் இருக்கும் மருந்துகள் அனைத்தையும், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னதும் அந்த மருத்துவர்தான். குளோர்பெனிரமின் கலந்த சளி மருந்துகளும், நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டைலின் போன்றவையும் முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். காது சரியாகக் கேட்காததும் மனச்சோர்வும் மறதியைப் போலவே தோற்றம் தரும் என்பதால் அவற்றையும் பார்த்தார்கள். பி12 ஊசி தொடங்கிய பிறகும் தடுமாற்றம் நீடித்ததால் கோவையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பப்பட்டோம்.

ஸ்கேன் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதை அந்த நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இந்த விளக்கத்தைக் கேட்டுக்கொள்ளாமல் எந்தக் குடும்பமும் ஸ்கேன் அறைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் நோக்கம். தலையில் அடிபட்ட சில வாரங்களுக்குப் பிறகு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் மெல்லத் தேங்கும் இரத்தம், கட்டி, அறிகுறி காட்டாமல் வந்துபோன சிறு பக்கவாதங்கள், மூளைக்குள் நீர் கோத்து விரிந்திருக்கும் நிலை ஆகியவை படத்தில் தெரியும். நீர் கோத்த நிலையில், கால் தரையில் ஒட்டிக்கொண்டதைப் போன்ற நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி ஆகிய மூன்றும் சேர்ந்து வரலாம்; உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையால் பயன் பெறுபவர்கள் உண்டு. இரண்டாவது நோக்கம், மூளையின் எந்தப் பகுதி சுருங்கியிருக்கிறது என்று பார்ப்பது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோயில் பெரும்பாலும் தொடக்கத்திலேயே சுருங்குகிறது. எனினும் படத்தை மட்டும் வைத்து அல்சைமர் என்று சொல்லிவிட முடியாது, படம் சரியாக இருப்பதால் நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. குடும்பத்தார் சொல்லும் வரலாறு, நினைவுத் திறன் சோதனை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்தே படத்துக்குப் பொருள் கிடைக்கிறது.

ஆகவே ஸ்கேனுக்கான தயாரிப்பு வீட்டுக் குறிப்பேட்டில் தொடங்கியது. மறதி எப்போது முதன்முதலில் தெரிந்தது, மெல்ல மெல்லக் கூடியதா அல்லது ஒரு நாளில் திடீரென்று இறங்கிப் பின் அப்படியே நின்றதா, நடையில் மாற்றம் உண்டா, சிறுநீர்க் கட்டுப்பாடு எப்படி, எப்போதாவது வழுக்கி விழுந்தாரா, தூக்கத்தில் கை கால்களை வீசிக் கத்துகிறாரா, இல்லாத ஆட்களைப் பார்ப்பதாகச் சொல்கிறாரா என்பவற்றை அம்மாவும் நானும் தனித்தனியே எழுதினோம். தனித்தனியே எழுதியது மிகவும் பயன்பட்டது. உடனிருப்பவர் அன்றாடம் பார்ப்பதால் கவனிக்காமல் விட்டவற்றை, இடைவெளி விட்டு வரும் மகளோ மகனோ கவனித்திருப்பார்கள். கணவரின் குறையைச் சொல்லத் தயங்கும் மனைவி தாளில் எழுதிவிடுகிறார். இந்தக் குறிப்பைப் பார்த்த பிறகே மருத்துவர் ஸ்கேன் சீட்டில் மறதியின் காலம், தன்மை, அவர் ஐயுறும் காரணங்கள் ஆகியவற்றை எழுதினார். சீட்டில் ‘மூளை எம்ஆர்ஐ’ என்று மட்டும் இருந்தால் வழக்கமான படங்கள் கிடைக்கும். மறதிக்கான ஆய்வு என்று எழுதியிருந்தால், ஹிப்போகேம்பஸைக் குறுக்கே மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் படங்களையும், நுண்ணிய இரத்தக் கசிவுகளைக் காட்டும் படங்களையும் சேர்த்து எடுக்கிறார்கள். சீட்டில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி, உலோகம் பற்றிய கேள்வி. எம்ஆர்ஐ இயந்திரத்தில் எக்ஸ்ரே கதிர் இல்லை. மிக வலிமையான காந்தம் இருக்கிறது. நம் ஊர்களில் பொதுவாக இருக்கும் இயந்திரங்கள் 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) வலிமை கொண்டவை. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் சென்ற நோயாளியின் உறவினர் ஒருவர், சிலிண்டரோடு இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அறைக்கு வெளியே தடுத்து நிறுத்திக் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் அவ்வளவு கனம் உண்டு.

முகப்பில் கொடுத்த ஆங்கிலப் படிவத்தை டெக்னீஷியன் தமிழில் படித்துக் கேட்டபோது, கண்ணில் இரும்பு பட்டதுண்டா என்ற கேள்விக்கு அப்பா எந்தத் தயக்கமும் இல்லாமல் இல்லை என்றார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. அவருடைய நினைவில் அது உண்மையாகவே இல்லை. அம்மா குறுக்கிட்டார். “நீ பொறக்கறதுக்கு முந்தி, பட்டறையில சாணை புடிக்கறப்போ கண்ணுக்குள்ள தூளு ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயித்தான் எடுத்தாங்க. கட்டுப் போட்டுட்டு வந்து படுத்திருந்தாருங்க” என்று என்னிடம் தொடங்கி டெக்னீஷியனிடம் முடித்தார். எடுத்ததாகச் சொல்லப்படும் துகளில் ஒரு சிறு பகுதி கண்ணுக்குள் தங்கியிருந்தாலும், காந்தத்தின் அருகே அது நகர்ந்து பார்வையைக் கெடுத்துவிடக் கூடும். எனவே கண்குழிகளை முதலில் எக்ஸ்ரே எடுத்து, உலோகம் எதுவும் இல்லை என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்த பின்பே எம்ஆர்ஐக்கு ஒப்புக்கொண்டார்கள். துகள் இருந்திருந்தால் எம்ஆர்ஐயைக் கைவிட்டு, காந்தம் இல்லாமல் எக்ஸ்ரே கதிரால் படம் எடுக்கும் சிடி ஸ்கேனுக்குப் போயிருப்போம்.

அன்று அம்மா உடன் வராமல் நான் மட்டும் அழைத்துச் சென்றிருந்தால் இது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் நான் பிறப்பதற்கு முந்தைய நிகழ்ச்சி அது. கொங்குப் பகுதியில் இந்தக் கேள்வியை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகளிலும் பவுண்டரிகளிலும் மோட்டார் பம்புத் தொழிலிலும் கண்ணாடி அணியாமல் சாணை பிடித்தவர்களும் வெல்டிங் வைத்தவர்களும் இப்போது எழுபதைக் கடந்த தலைமுறை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்தவர்களில் முறிந்த ஊசி முனை விரலுக்குள் தங்கிப்போனவர்கள் இருக்கலாம். சாலை விபத்தில் காலில் ராடு வைத்தவர்களோ நம் ஊரில் ஏராளம். கூட வேலை செய்த பழைய நண்பரிடமோ உடன்பிறந்தவரிடமோ ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் தெரியாத செய்தி கிடைக்கும். அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பாவிடம் கேட்டபோது, சிறு வயதில் அப்பாவுக்கு வேறு அறுவை எதுவும் நடக்கவில்லை என்பது உறுதியானது.

மூட்டு மாற்று, இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட், கண்புரைக்கு வைத்த லென்ஸ் ஆகியவை பெரும்பாலும் எம்ஆர்ஐக்குத் தடையில்லை. ஆனாலும் எந்த ஆண்டு, எந்த மருத்துவமனையில், எந்த நிறுவனத்தின் பொருள் வைக்கப்பட்டது என்று காட்டும் அட்டையோ டிஸ்சார்ஜ் சம்மரியோ இருந்தால் எடுத்துச் செல்ல வேண்டும். பேஸ்மேக்கர்களில் எம்ஆர்ஐக்கு ஏற்ற புதியவையும் ஏற்காத பழையவையும் உள்ளதால், அட்டையைப் பார்க்காமல் எதையும் தீர்மானிக்க இயலாது. இந்த விவரங்களை எல்லாம் ஒரே தாளில் தேதி வரிசையில் எழுதிக்கொண்டோம். இந்தப் படிவத்தை நேரம் வாங்கும் நாளிலேயே தமிழில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் எல்லா ஸ்கேன் மையங்களிலும் வர வேண்டும் என்று விரும்புகிறேன். அதுவரை நாமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உடலின் மேல் இருப்பவை கழற்றக் கூடியவை என்றாலும், அவற்றுக்கும் முந்தைய நாளே நேரம் ஒதுக்க வேண்டும். அப்பா இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடியும் அதில் கோத்த தாயத்தும் கட்டியிருந்தார். வேட்டிக்கு மேல் அகலமான பெல்ட்டும் உண்டு. இவற்றை ஸ்கேன் மைய ஊழியர் அவிழ்க்கச் சொன்னால் அவர் கோபப்படுவார் என்பது அம்மாவுக்குத் தெரியும் என்பதால், முந்தைய இரவே குளித்த பிறகு அம்மா அவற்றைக் கழற்றி, கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டார். பெண்களுக்குத் தாலிக் கொடி, மெட்டி, மூக்குத்தி, தோடு, வளையல், கொண்டை ஊசி, தாலியிலும் முந்தானையிலும் செருகியிருக்கும் ஊக்கு என்று பட்டியல் இன்னும் நீளும். திருகு இறுகிப்போன மூக்குத்தியை ஸ்கேன் அறை வாசலில் கழற்ற முயன்று மூதாட்டி ஒருவர் வலியில் துடித்ததைக் காத்திருந்தபோது பார்த்தேன். அதை முன்பே பத்தரிடம் காட்டித் தளர்த்தி வாங்கிக்கொள்ள வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்குபவர்களுக்கு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்து அணிவித்துவிட்டுப் பொன்னைக் கழற்றுவது நம் பகுதியில் நெடுநாளாக உள்ள வழி. அப்பாவோடு அறைக்குள் உட்கார எண்ணியிருந்ததால் நானும் அப்படித்தான் செய்துகொண்டேன். பல் செட், காது மெஷின், தோளில் ஒட்டும் சர்க்கரை சென்சார் ஆகியவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காது மெஷினைக் கழற்றிவிட்டால் அவருக்குப் பேச்சு கேட்காது என்பதால், கையால் காட்டும் சைகைகளை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது. கண் பரிசோதனை என்று சொல்லி அழைத்துப் போய்விடலாம் என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறதி வந்துவிட்டதால் ஒருவர் தன் உடலைப் பற்றிய உண்மையை அறியும் உரிமையை இழந்துவிடுவதில்லை. பொய் சொல்லி அழைத்துச் சென்றால், இயந்திரத்துக்குள் படுத்த நிமிடத்தில் நம் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். “ஏ அம்மணி, எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டீங்களா?” என்று அப்பா கேட்டார். “அப்படியெல்லாம் இல்லீங்கப்பா. மறதி வர்றது உங்களுக்கே தெரியுதுல்லீங்க, அது எதனாலன்னு டாக்டர் படம் எடுத்துப் பாக்கோணும்ங்கறார். நானும் உள்ள உங்க பக்கத்துலயே இருப்பனுங்க” என்று சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படீன்னாப் போலாம்” என்றார். இதை வாரக்கணக்கில் முன்பே சொல்லிக் கவலையை வளர்க்கவில்லை. முந்தைய மாலையும் அன்றைய காலையும் சொன்னோம், மறந்துவிட்டுக் கேட்ட ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், சலிப்பைக் காட்டாமல் சொன்னோம். மருத்துவர் முன்பும் அவரை வைத்துக்கொண்டே அவர் இல்லாதது போலப் பேசாமல், “அப்பா, நான் சொல்லட்டுங்களா?” என்று கேட்டுவிட்டே பேசினேன்.

இயந்திரத்தின் ஒலிக்கும் ஒடுக்கத்துக்கும் அவரைப் பழக்க வேண்டியிருந்தது. எம்ஆர்ஐ ஓடும்போது எழும் ஒலி, விசைத்தறிக் கூடத்துக்குள் நிற்பதைப் போல இடைவிடாமல் அடிக்கும். அதற்காகக் காதில் பஞ்சோ காதடைப்பானோ வைப்பார்கள். கைபேசியில் அந்த ஒலியை முதலில் மெதுவாகவும் பிறகு சற்றுக் கூட்டியும் கேட்க வைத்தோம். கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, கண்களை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கச் சொல்லிப் பழக்கினோம். படம் எடுக்க மொத்தம் அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஆகலாம் என்றாலும், அது சில நிமிடங்கள் கொண்ட பல பகுதிகளாகவே எடுக்கப்படுகிறது. ஒரு பகுதி முடிந்து ஒலி நிற்கும்போது எச்சில் விழுங்கலாம், மூச்சை ஆற்றிக்கொள்ளலாம். ஒலி எழும்போது மட்டும் தலை அசையக் கூடாது. தலை அசைந்தால் படம் மங்கி, ஹிப்போகேம்பஸ் போன்ற சிறு பகுதியை அளக்க இயலாமல் போகும். இருமல் இருப்பவர்களுக்கு அது அடங்கும் வரை தேதியைத் தள்ளி வைப்பது நல்லது. மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் வழியும் உண்டு. ஆனால் முதியவர்களுக்கு அதன் பிறகு குழப்பம் கூடக் கூடும் என்பதாலும், அதற்கு வெறும் வயிறும் கண்காணிப்பும் வேண்டும் என்பதாலும், மருந்தில்லாமல் முயன்று பார்ப்பதையே மருத்துவர் விரும்பினார்.

எக்ஸ்ரே முடிந்த அன்றே மாலையில் எம்ஆர்ஐக்கு நேரம் தருவதாகச் சொன்னார்கள். பொழுது சாயும் நேரத்தில் அப்பாவுக்குத் தடுமாற்றம் கூடும், எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். நினைவுக் குறைபாடு உள்ள பலருக்கும் மாலை நேரம் அப்படித்தான் இருக்கிறது. அதனால் மறுநாள் காலை நேரத்தைக் கேட்டு வாங்கினேன், காரணத்தைச் சொன்னதும் தந்தார்கள். படத்தைத் தெளிவாக்க நரம்பு வழியே ஏற்றும் சாயம் செலுத்தாத எம்ஆர்ஐக்குப் பட்டினி தேவையில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, வழக்கம்போல இட்லி சாப்பிட வைத்து, இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுத்தோம். பசியும் சர்க்கரை இறக்கமும் குழப்பத்தைக் கூட்டும். உள்ளே போகும் முன் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றோம். அழைக்க வேண்டுமானால் அழுத்துவதற்கு ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுப்பார்கள். அது எதற்கு என்பதை அப்பா உள்ளேயே மறந்துவிடக் கூடும் என்று டெக்னீஷியனிடம் முன்பே சொன்னேன். அவர் ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் ஒலிபெருக்கியில் “ஐயா, நல்லா இருக்கீங்களா, இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க” என்று பேசினார். உலோகம் எதுவும் இல்லை என்று என்னையும் சோதித்த பிறகு, காதடைப்பானோடு உள்ளே உட்கார விட்டார்கள். அப்பாவின் காலைத் தொட்டபடியே இருந்தேன். படங்கள் தெளிவாக வந்தன.

என் மாமியாரின் அனுபவம் இதிலிருந்து வேறுபட்டது. அவருக்குப் பழைய பேஸ்மேக்கர் இருந்தது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் எடுத்துக்கொண்டிருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்ததைச் சிறு அடி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்துப் பகலெல்லாம் தூங்குவதும் பேச்சில் குழறுவதும் தொடங்கின. அவருக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. தலைக்கு மட்டும் எடுப்பதால் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, பல் செட் ஆகியவற்றைக் கழற்றினால் போதும் என்றார்கள். தாலியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மூளையின் மேல் தேங்கியிருந்த இரத்தம் அதில் தெரிந்தது. அதை வடித்த பிறகு பேரன்களின் பெயரைப் பழையபடி சொல்லி அழைத்தார். மறதி என்று வரும் முதியவர் எவரிடமும், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் விழுந்தாரா என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

சிலருக்கு பெட் ஸ்கேனும் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குத் தயாரிப்பு வேறு. நான்கு முதல் ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது, இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், இன்சுலினையும் மாத்திரையையும் எப்போது எடுப்பது என்று அவர்களிடமே எழுதி வாங்க வேண்டும். சிறிதளவு கதிரியக்கம் கொண்ட, குளுக்கோஸ் போன்ற மருந்தை ஊசியாகப் போட்ட பிறகு மங்கிய ஒளியுள்ள அமைதியான அறையில், பேச்சும் கைபேசியும் இல்லாமல் இருக்கச் சொல்வார்கள், ஏனென்றால் மூளை எங்கே எவ்வளவு குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான் அந்த ஸ்கேன் பார்க்கிறது. உடன் செல்பவர் பேச்சுக் கொடுத்துத் தேற்ற முனைந்தால்கூட அது படத்தைப் பாதிக்கலாம். சாயம் செலுத்தி எம்ஆர்ஐயோ சிடியோ எடுப்பதென்றால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும், பழைய ஒவ்வாமைகளையும் சொல்ல வேண்டும். செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் தங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் வாசலிலேயே பிரித்துப் படித்து, கைபேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடுவது இயல்பு. அதில் ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’, ‘சிறு இரத்தக் குழாய் மாற்றங்கள்’ என்பவை எழுபதைக் கடந்த மிகப் பலரின் அறிக்கையில் இருக்கும் சொற்கள். ஹிப்போகேம்பஸ் பகுதியின் சுருக்கத்தை 0 முதல் 4 வரையும், மூளையின் வெண்பகுதியில் சிறு இரத்தக் குழாய் பாதிப்பால் தெரியும் மாற்றங்களை 0 முதல் 3 வரையும் மதிப்பிடுவார்கள். ஒரே எண் 65 வயதுக்காரருக்கு ஒரு பொருளும் 80 வயதுக்காரருக்கு வேறு பொருளும் தரும். படம் எடுத்த டெக்னீஷியனிடம் முடிவைக் கேட்டு வற்புறுத்துவது அவருக்கும் நமக்கும் நல்லதல்ல. அறிக்கைத் தாளோடு படங்கள் பதிந்த குறுவட்டையும் கேட்டு வாங்க வேண்டும், முன்பு எப்போதாவது தலைக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டால் மாற்றத்தின் வேகம் தெரியும்.

அப்பாவின் படத்தில் கட்டியோ இரத்தத் தேக்கமோ இல்லை. சிறு இரத்தக் குழாய் மாற்றங்களும் ஹிப்போகேம்பஸில் மிதமான சுருக்கமும் இருந்தன. நினைவுத் திறன் சோதனையையும் எங்கள் குறிப்பையும் சேர்த்துப் பார்த்து, அல்சைமர், சிறு இரத்தக் குழாய் பாதிப்பு ஆகிய இரு காரணங்களும் கலந்த தொடக்க நிலை டிமென்ஷியா என்று மருத்துவர் அப்பாவிடமே சொன்னார். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறுக்கமாகக் கட்டுக்குள் வைப்பது, பி12ஐத் தொடர்வது, காதுப் பரிசோதனை, தினசரி நடை ஆகியவற்றோடு ஒரு மாத்திரையும் தொடங்கினார். வண்டி ஓட்டுவதை நிறுத்துவது பற்றியும், வங்கிக் கணக்கையும் தோட்டத்துப் பத்திரங்களையும் அப்பா தெளிவாக முடிவெடுக்கக் கூடிய இந்தக் காலத்திலேயே அவர் விருப்பப்படி ஒழுங்கு செய்துகொள்வது பற்றியும் அன்றே பேசினோம். வண்டிச் சாவியை அவராகவே என் தம்பியிடம் கொடுத்தார்.

ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டபோது, வழக்கமாகத் தேவையில்லை, நேரில் பார்த்துச் சோதிப்பதே போதும் என்றார் மருத்துவர். ஒரு சில நாட்களுக்குள் குழப்பம் சட்டென்று கூடினாலும், பகலில் எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலும், விழுந்து தலையில் அடிபட்டாலும், புதிதாகத் தலைவலியோ வாந்தியோ வலிப்போ ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியோ தோன்றினாலும், அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வரச் சொன்னார்.